மூன்று நாள் சீட்டு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

இதை வாசிப்பவர் யாராயினும், என் மனைவி இறந்த விதத்தைத் தங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. அவளைக் கொண்டுபோனது குடலில் வந்த நோய். அதன்மேல் எனக்குக் கோபமில்லை. அவளுடைய கடைசி நாட்களை விமானப் பயணத்துக்கான ஒரு பரிசோதனைச் சீட்டுக்கு அடிமையாக்கினார்களே, அதன்மேல்தான் கோபம். அது இன்றுவரை ஆறவில்லை.

பெருந்தொற்றுக் காலம். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாகர்கோவில் மருத்துவர்கள் அனுப்பிவிட்டார்கள். பூதப்பாண்டிக்கு அருகிலுள்ள எங்கள் வீட்டில், வயலைப் பார்த்த அறையில் அவளைக் கிடத்தினோம். மூத்த மகன் எங்களோடு இருந்தான். இளையவன் வளைகுடாவில் குளிர்சாதன இயந்திரங்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். நோய்க்கு விடுப்பு இல்லை, மரணத்துக்கு மட்டுமே உண்டு என்று அவனுடைய நிறுவனம் சொல்லிவிட்டது. எங்கள் வழக்கத்தில் தகப்பனுக்கு மூத்தவனும் தாய்க்கு இளையவனும் கொள்ளி வைக்க வேண்டும். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

அவன் விமானம் ஏறுவதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் மூக்கில் குச்சி விட்டுப் பரிசோதித்து, தொற்றில்லை என்ற சீட்டைக் காட்ட வேண்டும். இரண்டு தடுப்பூசியும் போட்டிருந்தான். அதை யாரும் பொருட்படுத்தவில்லை. பரிசோதனை முடிவு வர ஒரு நாள் பிடித்தது. தாய் இறந்தபின் குச்சி விடப் போனால் நேரத்துக்கு வந்து சேர முடியாது. ஆகவே முன்கூட்டியே பரிசோதித்து, சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனான். அது காலாவதியானதும் மீண்டும் போய் மூக்கை நீட்டினான்.

பரிசோதனையே கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் அவளும் அரசு மருத்துவமனை வாசலில் வெயிலில் நின்று ஊசி போட்டுக்கொண்டவர்கள். எங்கள் தெருவிலேயே அத்தொற்றுக்குப் பலி கொடுத்த வீடுகள் உண்டு. ஆனால் குடும்பத்தில் மரணம் நேர்ந்தவர்களுக்குச் சீட்டிலிருந்து விலக்கு உண்டு என்று மூத்தவன் கைப்பேசியில் பார்த்து வாசித்தான். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவன் அடுத்த வரியையும் வாசித்தான். அந்த விலக்கை விமானம் ஏறுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பே விண்ணப்பித்துப் பெற வேண்டுமாம். அப்படியானால் பிணம் மூன்று நாள் காத்துக் கிடக்க வேண்டும். அல்லது சாவு தன் வருகையை முன்கூட்டி அறிவிக்க வேண்டும். இதை எழுதியவர் படித்தவர். நாற்காலியில் உட்கார்ந்து, மின்விசிறிக் காற்றில் எழுதியவர். ஒரு பிணத்தின் அருகிலாவது அவர் உட்கார்ந்திருப்பாரா?

மூன்றாவது சீட்டு முடிவதற்கு முந்திய நாள் என் மைத்துனர் வந்தார். அவளுக்கு இளையவர். கட்டிலருகே நின்றபடி என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார்.

“அத்தான், தப்பா எடுக்கப்பிடாது. பயலுக்க சீட்டு நாளையோட தீருகுல்லா? அதுக்குள்ள ஒண்ணு ஆச்சுன்னா, அவனுக்கும் வந்து சேர வசதியா இருக்கும்.”

நான் வாய் திறக்குமுன் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

“ஏலே, நான் கேட்டுக்கிட்டுத்தான் கெடக்கேன். ஒனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னா நீ போ. நான் பொறவு மெதுவா வாறேன்.”

அவர் தலைகுனிந்தார். அவள் சிரிக்கவும் செய்தாள். நானும் சிரித்தேன். அத்துடன் தீர்ந்தது என்று எண்ணினேன்.

மறுநாள் காலையில் அவள் கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. மாத்திரையையும் துப்பிவிட்டாள்.

“ஏட்டி, ஒரு வாயாவது குடி.”

“வேண்டாம். இன்னைக்குப் போனா அவன் வந்திருவான். நாளைக்குன்னா சீட்டு செல்லாதுல்லா.”

“ஒனக்கென்ன கிறுக்கா?”

“எனக்கில்ல. இந்தச் சட்டம் போட்டானே, அவனுக்கு. அவனுக்கு அம்மையே கெடையாதா?”

பொழுது சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் அவள் ஏற்கவில்லை. ஆயினும் உயிர் போகவில்லை. அந்திக்கு இளையவன் கைப்பேசியில் அழைத்தான். அவள் காதருகே பிடித்தேன்.

“மக்கா, இன்னைக்கும் அம்மைக்கு முடியல்ல, கேட்டியா. கோவப்படாத. நாளைக்கு இன்னொருக்கா குச்சி விட்டுக்கோ.”

அந்தப் பக்கம் அவன் அழுத சத்தம் எனக்கும் கேட்டது. ஐயா, அம்மா, ஒரு தாய் சாகாமல் இருந்ததற்காகத் தன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாள். அவளை அந்த நிலைக்குக் கொண்டு நிறுத்தியவர்களை நான் மன்னிக்கமாட்டேன்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அவள் போனாள். அன்று காலைதான் அவன் நான்காம் முறை குச்சி விட்டிருந்தான், முடிவு வரவில்லை. குளிர்பெட்டி வரவழைத்து வைத்தோம். விடிந்ததும் ஓர் அலுவலர் வந்து, கூட்டம் சேரக்கூடாது, காலையிலேயே எடுத்துவிடுங்கள் என்றார். இளைய மகன் சீட்டுக்காகக் காத்திருப்பதைச் சொன்னேன். “சட்டம் அப்படி, பெரியவரே” என்றார். எத்தனை சட்டங்கள்! ஒன்றுக்காக அவள் சீக்கிரம் சாக வேண்டியிருந்தது. இன்னொன்றுக்காக நாங்கள் சீக்கிரம் எரிக்க வேண்டியிருந்தது.

மூத்தவன் கொள்ளி வைத்தான். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்து ஈரத்துண்டோடு நிற்கையில் கைப்பேசி ஒலித்தது. முடிவு வந்துவிட்டதாம். தொற்று இல்லையாம்.

அடுத்த விமானத்தில் இளையவன் வந்தான். ஒரு வாரம் தனித்திருக்க வேண்டும் என்ற விதிப்படி, அவள் கிடந்த அதே அறையில் அவனை வைத்தோம். அஸ்திக் கலசத்தைச் சன்னலுக்கு எதிரே மாமரத்துக் கிளையில் கட்டினேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நின்றான். ஒரு வாரம் கழிந்தபின் கன்னியாகுமரிக் கடலில் அதைக் கரைத்தவன் அவன்தான். அந்த உரிமையையாவது பிடிவாதமாக நின்று அவனுக்காக வைத்திருந்தேன்.

அந்த விதி இன்று இல்லை. இப்போது மூக்கை யாரும் கேட்பதில்லை. எழுதியவர்கள் மறந்திருப்பார்கள். ஆகையால், நான் எழுதிய இதைத் தாங்கள் எறிந்துவிடாமல் வைத்திருக்க வேண்டுகிறேன்.