குளியல் தொட்டி வகுப்பு

லண்டனில் வால்தம்ஸ்டோவிலிருந்து ஈஸ்ட் ஹாமுக்கு பஸ் மாறிப் போய் வருவதற்கே இப்போது எனக்கு ஒரு பகல் போய்விடுகிறது. முழங்கால் ஏறவும் விடாது, இறங்கவும் விடாது. ஆனாலும் தங்கச்சி கூப்பிட்டபோது மறுக்க முடியவில்லை.

அவள் என் கூடப் பிறந்தவள் அல்ல. நான் பொறியியல் கற்பித்த பல்கலைக்கழகத்துக்குத் தாதியியல், அதாவது நர்சிங், விரிவுரையாளராக வந்தவள். அந்தக் கட்டடத்தில் தமிழர் நாங்கள் இருவர்தான். முதல் நாளே என்னை அண்ணை என்றாள். நானும் தங்கச்சி என்றே கூப்பிட்டேன்.

முதியவர்கள் குளியலறையில் விழுவதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதை வைத்து ஒரு வகுப்பு தொடங்கினாள். தாதியியல், பொறியியல், நாடகம் என்று மூன்று துறை மாணவர்களும் ஒன்றாக இருக்கும் வகுப்பு. அறையின் நடுவே ஒரு குளியல் தொட்டி. ஈஸ்ட் ஹாம் கோயிலுக்கு வரும் முதியவர்கள் அதற்குள் ஏறி இறங்கிக் காட்டுவார்கள். நாடக மாணவர்கள் அந்த அசைவைத் தங்கள் உடம்பில் செய்து பார்ப்பார்கள். எங்கே தடுமாறுகிறது என்று அதில் தெரிந்துவிடும். அதைப் பார்த்துத்தான் பொறியியல் மாணவர்கள் கைப்பிடிக்கு இடம் குறிப்பார்கள்.

ஒருநாள் நானும் போய்ப் பின்னால் இருந்தேன். தொட்டிக்குள் உட்காரச் சொன்னபோது ஓர் அம்மா சிரித்துவிட்டார்.

"இதுக்குள்ள ஆர் பிள்ளை இருக்கிறது? ஊறின ஊத்தைத் தண்ணியிலயே குளிக்கிறது? ஒரு வாளியும் கோப்பையும் தா."

வாளியைக் கொடுத்ததும் தொட்டிக்குள் நின்றபடி குனிந்து அள்ளி ஊற்றுவதுபோலக் காட்டினார். என் மாணவர்கள் வரைந்த கைப்பிடி, உட்கார்ந்து எழும்புபவருக்கானது. குனிந்து நிமிர்பவருக்கு அது எட்டாது. அன்று அவர்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி வரைந்தார்கள். இத்தனை வருடம் கற்பித்ததில் நான் அப்படி ஒரு மணிநேரத்தை உண்டாக்கியதில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் பிறகு அதைச் செய்தேன்.

வகுப்பை நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்க ஒரு குழு கூடியது. வகுப்பு நிலைத்தால்தான் அவளுடைய வேலையும் நிலைக்கும். நான் அந்தக் குழுவில் இருந்தேன். அன்று காலை லிப்டில் உடன் வேலை செய்யும் ஒருவர், "இன்றைக்கு உங்கள் குடும்ப விஷயம் வருகிறதாமே" என்று சிரித்தார். வெறும் பகிடிதான். ஆனால் கூட்டம் முழுவதும் அது என் காதிலேயே இருந்தது.

குழுத் தலைவி ஓர் ஆங்கிலேயப் பெண். வகுப்பைக் கைவிடக்கூடாது என்று நீண்ட நேரம் வாதாடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இந்த மக்களை அறிந்தவர் நீங்கள். நீங்கள் சொல்லுங்கள்" என்றார்.

"நல்ல சமூகப்பணி. ஆனால் இதை ஆராய்ச்சி என்று சொல்ல எனக்குத் தயக்கம்" என்றேன்.

தமிழனே இப்படிச் சொன்ன பிறகு மற்றவர்களுக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. இந்த நாட்டில் கொஞ்சம் மேலே வந்த எங்கள் ஆட்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. நம்மவர் என்றால் மற்றவர்களிடம் இருப்பதைவிடக் கடுமையாக இருப்போம். அதற்கு நேர்மை என்று பெயரும் வைப்போம். எனக்கு இருந்தது பயம்.

அவள் வேலை போனது. குழுவுக்குள் யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே வராது; நானும் அவளிடம் சொல்லவில்லை. பிறகு ஊர் ஊராக ரயிலில் போய்ப் பகுதிநேரமாகக் கற்பித்தாள். இப்போதுதான் ஈஸ்ட் ஹாமில் ஒரு சிறிய கல்லூரியில் அந்த வகுப்பை மறுபடி தொடங்கியிருக்கிறாள். தொட்டிக்குள் ஏறிக் காட்ட முதியவர்கள் வேண்டும் என்று என்னையும் அழைத்தாள்.

வகுப்பறைக்கு வெளியே எனக்கு ஒரு கதிரை போட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்தாள்.

"என்ன அண்ணை, தொட்டியைக் கண்டு பயந்து வரமாட்டியளோ எண்டு நினைச்சன்."

"என்ர குளியலறையில கவுன்சில் பூட்டின கைப்பிடியையே தினமும் பார்த்துப் பயப்பிடுறன்."

சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "போன மாசம் அந்தத் தலைவி மனிசியை ஸ்டேஷனில கண்டனான். கையைக் காட்டினவ. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போயிட்டன். அண்டைக்கு எனக்காகக் கதைச்சது நீங்கள் ஒராள்தானே."

கையிலிருந்த கோப்பையை நிலத்தில் வைத்தேன்.

"இல்லைத் தங்கச்சி. உமக்காகக் கதைச்சது அவ. வேண்டாம் எண்டு சொன்னது நான்."

அவள் என்னையே பார்த்தாள். "ஏன்?"

"லிப்டில ஒருத்தன் பகிடி விட்டவன். எங்கட ஆளுக்காகக் கதைக்கிறன் எண்டு நினைப்பினம் எண்டு பயந்திட்டன்."

"ஒரு பகிடிக்கோ?"

"ஓம்."

நிலத்திலிருந்த கோப்பையைக் குனிந்து எடுத்தாள். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "உள்ளுக்கு வாங்கோ. பிள்ளையள் காத்துக்கொண்டு நிக்கினம்" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே எல்லாரும் வட்டமாக நின்றார்கள். என்னை ஓய்வுபெற்ற பொறியியலாளர் என்று அறிமுகப்படுத்தினாள். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒரு காலைத் தூக்கித் தொட்டிக்குள் வைத்தேன். மற்றக் கால் வர மறுத்தது. கை சுவரில் எதையோ தேடியது. ஒரு மாணவி அந்த இடத்தில் சோக்குக்கட்டியால் அடையாளம் போட்டாள்.

"இப்ப குனிஞ்சு காட்டுங்கோ, சேர்" என்றாள் தங்கச்சி.

இத்தனை வருடத்தில் அண்ணை என்பதை விட்டு அவள் என்னை ஒருநாளும் சேர் என்று சொன்னதில்லை. நான் மற்றக் காலையும் உள்ளே இழுத்து, அங்கிருந்த வாளிக்குக் குனிந்தேன்.

வகுப்பு முடிந்ததும் வாசல்வரை வந்தாள். "அந்தத் தலைவி மனிசியின்ர நம்பர் உங்களிட்ட இருக்கோ?"

கொடுத்தேன். பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது திரும்பிப் பார்த்தேன். போனைக் காதில் வைத்தபடி படியில் உட்கார்ந்திருந்தாள். மறுபக்கத்தில் இன்னும் எடுக்கவில்லை போலிருந்தது.