சந்தனம் மணத்த பின்சக்கரம்

எண்பதுகளில் ஒரு வருடம், தை மாதக் கல்யாணமும் சீனப் பெருநாளும் ஒரே வாரத்தில் வந்து மோதிக்கொண்டன. எங்கள் புக்கிட் ரோத்தானில் சீனர்களின் கார்ப் பட்டறைகள் எல்லாம் கதவைச் சாத்திவிட்டன. வாசல்களில் பட்டாசுக் காகிதம் சிவப்புச் சிவப்பாய்க் கிடந்தது. ஊரே ஓய்ந்து தின்றுகொண்டிருக்க, என் கார் மட்டும் பின்சக்கரங்களில் இரும்பும் இரும்பும் உரச ஊளையிட்டது.

பழைய ஜப்பான் கார். நிறுத்தி வைத்தால், போட்ட கியர் தானாகக் கழன்றுகொள்ளும். அதையும் சகித்தேன். பிரேக் இல்லாததை எப்படிச் சகிப்பது?

மறுநாள் காலை சுங்கை பெசார் கோவிலில் என் மனைவியின் தம்பிக்குக் கல்யாணம். அவனுக்கு இவள் ஒரே அக்கா. மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போட்டதும் மற்ற இரண்டையும் இவள்தான் போட வேண்டும். அதற்காகவே சில வாரங்களாக விரல்களைப் பழக்கிக்கொண்டிருந்தாள். பால் டின்னின் கழுத்தில் நூலைச் சுற்றி முடிச்சுப் போடுவாள், அவிழ்ப்பாள், மறுபடி போடுவாள். எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி நான்; முந்தின நாள் மதியம்தான் விடுப்பு கிடைத்தது. சாயந்திரம் கிளம்பிவிடலாம் என்றிருந்தோம்.

புதுப் பிரேக் ஷூக்களை முன்பே வாங்கி வைத்திருந்தேன். பிறை வடிவத்தில் நான்கு. மனைவி அவற்றைச் சாமி மேடையில் வைத்துச் சந்தனப் பொட்டு இட்டிருந்தாள். பொட்டைத் துணியால் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கில் பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றினேன். உள்ளே, ஷூக்களை மூடியிருக்கும் இரும்பு டிரம் வரவில்லை. தட்டினேன். அடித்தேன். சுத்தியலின் அதிர்வு கைவலியாக மாறி என் பற்கள்வரை ஏறியது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு லோரி டிரைவர் காப்பிக் குவளையுடன் வந்து நின்றார்.

“என்னா கிராணி, வண்டிய அறுத்துப் போட்டிருக்கீங்க? கறி பங்கு பிரிக்கவா?”

“பிரேக் மாத்துறேன்.”

“பட்டறைக்காரத் தவுக்கேகிட்ட குடுக்கலாம்லா.”

“தவுக்கே பெருநாள்ல இருக்காரு.”

“அப்ப சரி. திரும்பி வந்து பாத்தார்னா அவருக்கு இன்னொரு பெருநாளு.”

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். நான் கோபத்தில் காருக்குள் போய் உட்கார்ந்தேன். முழங்கை எதன்மீதோ இடித்தது. ஹேண்ட் பிரேக். வண்டி நகரக்கூடாதென்று நான்தான் இழுத்து வைத்திருந்தேன். அது பிடிப்பதும் பின்சக்கரங்களைத்தான். டிரம் எப்படி வரும்? இறக்கிவிட்டதும் இரண்டே தட்டில் வந்து மடியில் விழுந்தது. ஒரு மத்தியானத்தையே தின்றுவிட்டு!

பிறகு ஸ்பிரிங்குகள். பிளையரில் இழுத்தால் துள்ளும், துள்ளினால் காலுக்கடியில் இராது, சாக்கடையில்தான் இருக்கும். சேற்றில் கைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தபோது மனைவி பையுடன் வந்து நின்றாள். பட்டுப்புடவை மடித்து வைத்த பை.

“அஞ்சு மணி பஸ்ஸு வரப்போவுது. அதுக்கப்புறம் இன்னிக்கு பஸ்ஸு இல்ல. முடியுமா முடியாதா, ஒரே வார்த்தை சொல்லுங்க. முடியாதுன்னா நான் பஸ்ஸுல போய்க்கிறேன்.”

“முடியும்.”

“நெசமாவா?”

“முடியும்னா முடியும்லா!”

பஸ் செம்பனை மரங்களுக்கு அப்பால் உறுமிக்கொண்டு போனது. அவள் அந்தச் சத்தம் தேயும்வரை நின்றாள்.

இரண்டு பக்கமும் மாட்டி முடித்து, செம்மண் பாதையில் ஓட்டிப் பார்த்தேன். மிதித்தேன். முன்பக்கம் மட்டும் தலைகுனிந்தது. பின்பக்கம் எதையும் கேள்விப்படாததுபோல் வழுக்கிக்கொண்டே வந்தது. திரும்பி வந்து இறங்கினால் சக்கரத்திலிருந்து சந்தன வாசம். பொட்டைத்தான் துடைத்தேனே! கீழே குனிந்து முகர்ந்தேன். சந்தனத்துக்கடியில் கருகிய தாளிப்பு.

“ஷூவுல பொட்டு மட்டுமா வெச்சே?”

“மொதல்ல நல்லெண்ண தேச்சேன். அப்புறந்தான் சந்தனம்.”

“எண்ணெயா?”

“புது இரும்பு வீட்டுக்கு வந்தா எண்ண தேச்சி, சாமிகிட்ட வெச்சித்தான் எடுக்கணும். எங்கப்பா ரப்பர் மரத்துல பால் வெட்டுற கத்திய அப்படித்தான் எடுப்பாரு. துரு ஏறாது. நல்லா ஊறட்டும்னு ரெண்டு ராத்திரி விட்டேன்.”

“அது வெட்டுற கத்தி இல்ல! புடிக்கிற சாமான்! எண்ண பட்டா எப்படிப் புடிக்கும்?”

“எனக்கு எப்படித் தெரியும்? டிரைவிங் லைசன்சு ஒங்ககிட்டதானே இருக்கு?”

பழைய ஷூக்கள் தகடுவரை தேய்ந்தவை. எந்தக் கடையும் திறந்திருக்கவில்லை. மறுபடி ஜாக், மறுபடி டிரம், மறுபடி அந்தச் சண்டாள ஸ்பிரிங்குகள். பெட்ரோலில் கழுவினேன், உப்புத்தாளால் தேய்த்தேன். உலர்ந்துவிட்டதென்று நினைத்தால் எண்ணெய் உள்ளிருந்து வேர்வைபோல் பூத்தது. மறுபடி கழுவினேன். அவள் படியில் உட்கார்ந்து பால் டின்னில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். இருட்டிக் கொசுக்கள் வந்தபோது, எண்ணெய் முழுதும் போகாமலே மாட்டினேன்.

இருட்டில் அந்த வண்டியை ஓட்டத் துணியாமல் விடியலில் கிளம்பினோம். கடலோரச் சாலை தட்டையானது, அது ஒன்றுதான் ஆறுதல். வயல்கள் இரண்டு பக்கமும் விழித்துக்கொண்டிருக்க, நான் முன்பிரேக்கை மட்டும் நம்பி, மாட்டுவண்டியைப்போல் ஊர்ந்தேன். சைக்கிள்காரர்கூட முந்திப் போனார். அவள் கடிகாரத்தைப் பார்ப்பதும் என்னைப் பார்க்காமல் இருப்பதுமாக வந்தாள்.

கோவில் சாலைக்குக் கீழே, பள்ளத்தில் இருந்தது. சரிவில் பாதி இறங்கியபோதே மேளம் வேகம் பிடிப்பது கேட்டது. காலால் மிதித்து நிறுத்தினேன். அவள் கதவைத் திறந்து, புடவைக் கொசுவத்தை அள்ளிக்கொண்டு ஓடினாள்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலை எடுத்தேன். வண்டி நகர்ந்தது. மறுபடி மிதித்தேன். கியர் போட்டேன், கழன்றது. எனக்கு நேர் கீழே வாசலில் செருப்புகள், பந்தல் கால், ஜனங்களின் முதுகுகள். சக்கரத்துக்குக் கொடுக்க ஒரு கல் கிடைக்குமா என்று பார்த்தேன். அந்தச் சேற்று மண்ணில் கல்லா இருக்கும்! கூப்பிட்டேன். கெட்டிமேளம் என் குரலை விழுங்கிவிட்டது. எல்லோரும் அரிசியை எறிய, நான் பிரேக்கை மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விரல்கள் எனக்குத் தெரியவில்லை.

மேளம் அடங்கிய பிறகு வந்தாள். தலையெல்லாம் மஞ்சள் அரிசி.

“ஏன் உள்ள வரல?”

“கால எடுத்தா வண்டியும் கூட வந்துரும்.”

அவள் கோவில் மூலையில் குவிந்திருந்த மட்டைத் தேங்காயில் இரண்டைத் தூக்கி வந்து முன்சக்கரங்களுக்கு அடியில் தள்ளினாள்.

“இப்ப எறங்குங்க.”

“முடிச்சு?”

“போட்டாச்சு. ரெண்டும்.”

“நான் பாக்கல.”

“நானுந்தான் பாக்கல. கண்ணுல தண்ணி.”

பந்தியில் இலைமுன் உட்கார்ந்த பிறகும் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.