ஓவர்லோடைத் திருகிய அக்கா

இன்று திருச்செங்கோடு பக்கம் ஒரு தோட்டத்தில் போர் மோட்டார் வேலை. ஓடிய கொஞ்ச நேரத்திலேயே நின்றுவிடுகிறதாம். மரவள்ளி வாடிக் கிடந்தது.

ஸ்டார்ட்டரைத் திறந்தால், கரண்டு அதிகமானால் மோட்டாரை நிறுத்திக் காப்பாற்றும் ஓவர்லோடின் அளவை யாரோ கடைசிவரை ஏற்றியிருந்தார்கள். இப்படியே விட்டால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் கருகிவிடும்.

"யாருங்கக்கா இதத் திருகுனது?" என்று தோட்டத்து அக்காவிடம் கேட்டேன்.

"நாந்தானுங்க தம்பி. ஊட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருக்கறாரு. பயிரு காயுது, வேற என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

திட்ட மனசு வரவில்லை.

மீட்டர் வைத்துப் பார்த்தேன். வோல்டேஜ் மிகவும் குறைவு; அதனால்தான் மோட்டார் அதிகக் கரண்டு இழுத்து நின்றிருக்கிறது. அதே லைனில் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் அதே நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அளவைப் பழையபடி குறைத்துவிட்டு, அந்தத் தோட்டக்காரரிடம் போய்ச் சொன்னேன்.

"அட, சொல்லியிருந்தா மாத்தி மாத்தி ஓட்டியிருக்கலாமுங்களே" என்று உடனே தன் மோட்டாரை நிறுத்தினார்.

அக்காவின் மோட்டார் அதற்குப் பிறகு நிற்கவில்லை. "அவங்க ஓட்டறப்பத்தான் நிக்குதோன்னு எனக்கும் தோணுச்சுங்க தம்பி, போய்க் கேக்கத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு" என்றார்.

கரண்டுப் பெட்டியைத் திறக்கப் பயப்படாதவருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் போய்க் கேட்கத்தான் கூச்சம். உங்கள் ஊரில் எப்படி?