ஷூராப் ஸனோபரின் நாக்கு

காவர் அந்தப் பேரை முதன்முதலில் கேட்டது ஒரு கல்யாணப் பந்தியில். அப்போது அவளுக்குப் பால்பல் விழுகிற வயசு. அவளுடைய சின்னத் தாய்மாமனுக்குக் கல்யாணம். புளி கரைத்து வைத்த மீன்குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்ல, கூடவில்லை என்று பெண் வீட்டார் சொல்ல, பந்தி இரண்டாகப் பிரிந்து நின்றது. அப்போது யாரோ ஒரு கிழவர், "சண்டை எதுக்கு? ஷூராப் ஸனோபரைக் கூட்டிட்டு வந்து நாக்கு வைக்கச் சொல்லுங்க" என்றார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். சண்டை அதோடு போச்சு.

ஸனோபர் என்றால் ஏதோ தர்காவில் அடங்கிய அவுலியா என்றுதான் காவர் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிற பொம்பளை, கோழி வளர்க்கிறாள், முட்டிவலிக்குத் தைலம் போட்டுக்கொள்கிறாள் என்றெல்லாம் அவளுக்குத் தெரிந்தது, அந்த வீட்டிலிருந்தே பெண் கேட்டு வந்தபோதுதான். காவரின் பெரியம்மா மகள் ஒருத்தியை ஷூராப் ஊரில் கொடுத்திருந்தது. அவள் வழியாக வந்த சம்பந்தம். ஸனோபரின் ஒரே மகன் ஹைதருக்கு.

"அந்த ஊர் உப்புமலை அடிவாரமாச்சே, தண்ணிக்கு என்ன பண்ணுவா?" என்று காவரின் அம்மா இழுத்தாள்.

"மாமியார் நாக்குலயே தண்ணி இருக்கு, உனக்கென்ன கவலை?" என்று அப்பா முடித்துவைத்துவிட்டார்.

ஷூராப்புக்கு வந்த பிறகுதான் உப்புமலை என்றால் என்னவென்று அவளுக்குப் புரிந்தது. மற்ற மலைகள் நிற்கும். இது நிற்காது. பூமிக்கு அடியிலே எங்கேயோ கிடக்கிற உப்பு, மேலே இருக்கிற பாறையின் பாரம் தாங்காமல் பிதுங்கி, மலையைப் பிளந்துகொண்டு உச்சியில் வந்து, அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற மாதிரி இரண்டு பக்கமும் வழிந்து இறங்குகிறது. பால் ஒரு நொடியில் வழிந்துவிடும். இது வழிய ஒரு ஆயுசு போதாது. மேலே செம்மண்ணும் கறுப்புக் கல்லும் போர்த்திக்கொண்டு படுத்திருக்கும். காலை வெயில் ஏறினால் உள்ளே சடசடவென்று வெடிக்கும். புதுப்பெண் காவர் முதல் வாரம் ஒவ்வொரு வெடிப்புக்கும் தூக்கிவாரிப் போட்டுக்கொண்டு எழுந்தாள். மழை பெய்தால் சத்தமே வராது. ஈரம் பட்டால் உப்பு இளகி நகரும். காய்ந்தால் நின்றுவிடும்.

ஹைதரின் அப்பா உயிரோடு இருந்த காலத்தில் வெளியூர் ஆட்கள் வந்து, மலை எவ்வளவு நகர்கிறது என்று அளக்க அந்த உப்பு வழிசலின் குறுக்கே இரும்புக் கம்பிகளை நேர்வரிசையாக அடித்துவிட்டுப் போனார்களாம். கூலிக்குக் கம்பி அடித்தவர் அவர்தான். காவர் வந்தபோது அந்த வரிசை வில் மாதிரி வளைந்திருந்தது. நடுவில் இருந்த கம்பிகள் ஊரைப் பார்த்து முன்னால் வந்திருந்தன.

"எங்கப்பா நேராத்தான் அடிச்சார். மலைதான் கோணல்" என்பான் ஹைதர்.

ஊரில் எங்கே தோண்டினாலும் உப்புத்தண்ணி. நல்ல தண்ணிக்கு இருந்தது ஒரே ஒரு பிர்கே. கல்லால் கட்டி, மேலே கவிழ்த்த கிண்ணம் போலக் கூரை போட்டு, உள்ளே படி இறங்கிப் போகிற மழைத்தொட்டி. எதிர்ப்பக்கத்துச் சுண்ணாம்பு மலையில் பெய்கிற மழை ஓடையாகி வரும். வருகிற வழியில் உப்பு வழிசலின் காலடியை ஒட்டித்தான் வரவேண்டும். அதனால் முதலில் வருகிற வெள்ளம் பூத்துக் கிடக்கும் உப்பையெல்லாம் கழுவிக்கொண்டு வரும். அதைத் தொட்டிக்குள் விடக்கூடாது. பக்கத்துப் பள்ளத்தில் போகவிட வேண்டும். கழுவிக் கழுவி ஓடை சுத்தமான பிறகு மடைப்பலகையைத் தூக்க வேண்டும். சீக்கிரம் தூக்கினால் தொட்டி கெட்டது. தாமதமாகத் தூக்கினால் மழை நின்றுவிடும், தொட்டி காலி.

அந்த நேரத்தைச் சொல்வதுதான் ஸனோபரின் வேலை. அவளுக்கு முன்னால் அவள் புருஷனின் அத்தை சொன்னாள். மேகம் கட்டினவுடன் ஸனோபர் உப்பில்லாத ரொட்டியும் பேரீச்சம்பழமும் மட்டும்தான் சாப்பிடுவாள். வெள்ளம் வந்ததும் கணுக்கால் தண்ணியில் நின்று, உள்ளங்கையால் அள்ளி வாயில் விட்டு, துப்புவாள். மறுபடி அள்ளுவாள். அவள் "திற" என்று சொல்கிற வரைக்கும் கரையில் நிற்கிற ஒருத்தரும் வாய் திறக்கக்கூடாது. வேறு யாரும் அந்தத் தண்ணியை வாயில் வைக்கவும் கூடாது. முன்னொரு காலத்தில் அண்ணன் தம்பி இருவரும் நாக்கு வைத்து, ஒருத்தன் நல்லது என்று சொல்ல, இன்னொருத்தன் உப்பு என்று சொல்ல, மண்வெட்டியால் மண்டை உடைந்தது. அதிலிருந்து ஒரு வெள்ளத்துக்கு ஒரு நாக்குதான்.

காவர் வந்த முதல் வருஷம் அதைக் கண்ணால் பார்த்தாள். மாமியார் "திற" என்றதும் மடை ஏறியது. தொட்டி நிறைந்தது. அந்தத் தண்ணியில் போட்ட டீக்கு இன்றைக்கும் ஈடு இல்லை.

அதற்கப்புறம் மழை பொய்த்தது. ஒரு வருஷம் இல்லை, இரண்டு வருஷம் இல்லை. ஹைதர் கடற்கரைப் பக்கம் எரிவாயுக் குழாய் பதிக்கிற வேலைக்குப் போய்விட்டான். மாசம் ஒருமுறை வருவான். தொட்டியில் தண்ணி இறங்கி இறங்கிக் கடைசிப் படிகளுக்கு வந்துவிட்டது. மடைக்காரர் ஸாயர் அலிபக்ஷ் வீட்டுக்கு இவ்வளவு தண்ணிதான் என்று அளந்து ஊற்றினார். இப்படியே சிக்கனமாகப் போனால் நவ்ரூஸ் புதுவருஷப் பண்டிகை வரைக்கும் வரும் என்றார்.

அந்தக் குளிரில் ஸனோபருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. இருமி, புழுங்கி, ஒருவழியாக எழுந்து உட்கார்ந்தாள். எழுந்த பிறகு சாப்பாட்டில் தகராறு ஆரம்பித்தது.

"என்னம்மா சமைச்சிருக்கே, உப்பே இல்ல?"

"போட்டேன் அத்தை."

"போட்டியா? உப்புமலை அடிவாரத்துல உப்புக்குப் பஞ்சம்னா ஊரு கைகொட்டிச் சிரிக்கும்."

மறுநாள் காவர் ஒரு பிடி கூடப் போட்டாள். அதற்கும் அதே பேச்சு. மாமியார் வாய்க்கு இதெல்லாம் புதுசா என்று மனசைத் தேற்றிக்கொண்டு இன்னும் போட்டாள். பக்கத்து வீட்டு திலாராம் ஒருநாள் கிண்ணத்தில் விரலை விட்டு நக்கிப் பார்த்துவிட்டு, "அடியே, குழம்பு வெச்சியா, மீனைக் கருவாடு போட்டியா?" என்று கேட்டாள்.

ஹைதர் வந்தபோது முதல் கவளத்திலேயே தண்ணிக் குவளையைத் தேடினான். "ஏ காவர், மலையிலேர்ந்து வெட்டிக் கொண்டுவந்து போட்டியா?"

"உங்க அம்மாகிட்டயே கேளுங்க. நான் என்ன செய்யட்டும், உப்பே இல்லைங்கறாங்க."

ஸனோபர் தன் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பரவாயில்ல. இன்னைக்கும் கொஞ்சம் சப்புனுதான் இருக்கு" என்றாள்.

அதற்குச் சில நாள் கழித்துத்தான் காவர் அதைப் பார்த்தாள். ஆட்டுப்பட்டிக்குப் பின்னால், ஆடுகள் நக்குவதற்காகக் கட்டித் தொங்கவிட்ட உப்புக்கட்டி. அதன் முன்னால் ஸனோபர் குந்தி உட்கார்ந்து, நாக்கை நீட்டி நக்கிக்கொண்டிருந்தாள். நக்குவாள், கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பாள், தலையை ஆட்டிவிட்டு மறுபடி நக்குவாள். பக்கத்தில் நின்ற வெள்ளாடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. காவருக்கு விளங்கிவிட்டது. இத்தனை நாள் கேட்டது மாமியார் வாய்த் துடுக்கு இல்லை. உப்பு அவளுக்குத் தெரியவே இல்லை.

ஸனோபர் திரும்பிப் பார்த்தாள். "பல்லு வலி. உப்பு வெச்சாக் கேட்கும்" என்றாள்.

காவர் சரி என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டாள். வேறு என்ன கேட்க முடியும்? ஊரையே ஒரு நாக்கால் காப்பாற்றி வைத்திருக்கிறவளிடம் போய் உனக்கு நாக்கு செத்துவிட்டது என்று மருமகள் சொல்வதா? மனசு கேட்காமல் திலாராமிடம் போனாள்.

திலாராம் சிரித்தாள். "மாமியார் பேசுறாங்கன்னா பதிலுக்குப் பேசு. எதுக்கு இப்படி அடிமடியிலயே கை வைக்கிறே?"

"சத்தியமா சொல்றேன் அக்கா. குழம்பை நீங்களே நக்கிப் பார்த்தீங்கல்ல."

"பார்த்தேன். உப்பு கூடிப் போச்சு. சமைச்சது யாரு?"

ஸாயர் அலிபக்ஷிடமும் சொல்லிப் பார்த்தாள். அவர் ஸனோபரின் ஒன்றுவிட்ட தம்பி. "மழை வரட்டும் பொண்ணே. முதல்ல மழை வரட்டும்" என்று மட்டும் சொன்னார். ஹைதர் வந்ததும் சொல்லலாம் என்றிருந்தாள். ஹைதருக்கு முன்னால் மேகம் வந்துவிட்டது.

மத்தியான நேரம். தெற்கே கறுத்து, காற்று நின்று, எதிர்மலையில் மழை இறங்குவது திரை விட்டதுபோல் தெரிந்தது. ஊர் முழுக்க ஓடைக்கரைக்கு வந்துவிட்டது. ஸனோபர் காலையிலேயே உப்பில்லாத ரொட்டிதான் தின்றிருந்தாள். பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கினாள். வெள்ளம் செக்கச் செவேலென்று நுரை கட்டி வந்தது. அலிபக்ஷ் மடைப்பலகையில் கை வைத்து நின்றார்.

அள்ளினாள். துப்பினாள். மறுபடி அள்ளினாள். சிவப்பு மெல்ல மெல்லப் பழுப்பானது. நுரை உடைந்தது. ஸனோபர் அந்த நுரையையும் நிறத்தையும் உற்று உற்றுப் பார்ப்பதைக் காவர் கவனித்தாள். நாக்கு சொல்லாததைக் கண் சொல்லுமா என்று பார்க்கிறாள். இத்தனை வருஷப் பழக்கத்தில் எவ்வளவு நேரத்தில் ஓடை தெளியும் என்று மனசுக்குள் கணக்குப் போடுகிறாள்.

ஸனோபர் நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள்.

"அத்தை" என்றாள் காவர். கரை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. "இன்னொரு வாய் பாருங்க அத்தை."

"வாயை மூடு! தண்ணி பார்க்கிறப்போ பேசுறா பாரு" என்று ஒரு ஆள் கத்தினார். திலாராம் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அலிபக்ஷ் பலகையில் வைத்த கையை எடுக்காமல் ஸனோபரையே பார்த்தார்.

ஸனோபரும் காவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. குனிந்து இன்னொரு வாய் அள்ளினாள். வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தாள். விழுங்கினாள். துப்ப வேண்டிய தண்ணியை அவள் விழுங்கி யாரும் பார்த்ததில்லை.

"திற" என்றாள்.

பலகை ஏறியது. ஆண்கள் பாத்திஹா ஓதினார்கள். பொம்பளைகள் குலவையிட்டார்கள். தண்ணி தொட்டிக்குள் விழுகிற சத்தம் கூரைக்குள் எதிரொலித்தது. காவர் கரையோரமாகக் குந்தி, யாரும் பார்க்காதபோது விரலை நனைத்து உதட்டில் வைத்தாள். கரித்தது. சுள்ளென்று கரித்தது. "மூடுங்க!" என்று கத்தினாள். அந்தச் சந்தோஷச் சத்தத்தில் அது யார் காதிலும் ஏறவில்லை. ஏறி, அலிபக்ஷ் நாக்கு வைத்துப் பார்த்து, பலகையை இறக்கியபோது, கடைசிப் படியில் கிடந்த பழைய தண்ணியோடு புதுத்தண்ணி கலந்து முடிந்துவிட்டது.

மறுநாள் காலையில் யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் ஸனோபருக்கு நன்றாக இருந்திருக்கும். ஒவ்வொருத்தராக வந்தார்கள், வாசலில் உட்கார்ந்தார்கள், டீ கேட்காமல் எழுந்து போனார்கள். டீ போட என்ன இருந்தது?

ஆண்கள் ஓடையோடு ஏறிப் பார்த்துவிட்டு வந்தார்கள். இந்த மழைக்கு உப்பு வழிசலின் முன்பக்கம் இளகிச் சரிந்து, அந்த ஓடையின் மேலேயே வந்து படுத்துவிட்டதாம். ஹைதரின் அப்பா அடித்த கம்பிகளில் ஒன்று ஓடைக்கு நடுவில் நின்றதாம். இனிமேல் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்தத் தண்ணி தெளியாது.

"அப்போ உன் மேல தப்பு இல்ல அக்கா. மலை மேலதான் தப்பு. மலையைப் போய் யாரு கேட்கறது?" என்றார் அலிபக்ஷ்.

ஸனோபர் தலையாட்டினாள். "தெளியாதுன்னா தெளியாதுன்னு சொல்லத்தானே என்னை அங்க நிறுத்தி வெச்சீங்க? சொல்லியிருந்தா பழைய தண்ணியாவது தங்கியிருக்கும். நவ்ரூஸ் வரைக்கும் குடிச்சிருப்பீங்க."

அலிபக்ஷ் எழுந்து தொட்டிப் பக்கம் போனார்.

தொட்டியை இறைத்துக் கொட்டினார்கள். அதை மறுபடி நிரப்ப மழையும் இல்லை, ஓடையும் இல்லை. பக்கத்து டவுன் கோர்மோஜிலிருந்து லாரியில் தண்ணி ஒருநாள் வந்தது, ஒருநாள் வராமல் போனது. பிள்ளை குட்டி உள்ளவர்கள் முதலில் கிளம்பினார்கள். திலாராம் போகிற அன்று காவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நீ சொன்னே. நான்தான் சிரிச்சேன்" என்று மட்டும் சொன்னாள். அழுதாளா என்று தெரியவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டிருந்தாள்.

ஹைதர் வந்து சாமான் கட்டும்போது ஸனோபர் மருமகளைக் கூப்பிட்டாள்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"உப்புக்கட்டிகிட்ட பார்த்தப்போ."

"அப்போ என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க என்ன செஞ்சிருப்பீங்க அத்தை?"

ஸனோபர் மூட்டை முடிச்சை இறுக்கினாள். "உன்னை அடிச்சிருப்பேன்" என்றாள். பிறகு, "கரையில நின்னு சொன்னியே, இன்னொரு வாய்னு. பார்த்தேன்மா. அதுவும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. எல்லாம் ஒண்ணாவே இருந்துச்சு. வேற யாரை நான் கேட்பேன்? அங்க பேசக்கூடாதே" என்றாள்.

கோர்மோஜுக்குப் போயும் நாக்கு திரும்பவில்லை. டாக்டர் பார்த்தார், மாத்திரை கொடுத்தார், வயசு என்றார். காவர் இப்போது அளவாகத்தான் உப்புப் போடுகிறாள். ஸனோபர் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. குழாயில் தண்ணி வருகிற நேரத்தில் மட்டும் உள்ளேயிருந்து, "காவர், நல்ல தண்ணியாம்மா?" என்று கேட்கிறாள். "நல்ல தண்ணி அத்தை" என்று காவர் சொல்கிறாள். சொன்ன பிறகுதான் ஸனோபர் குவளையைக் கையில் வாங்குகிறாள்.

ஷூராப்பில் இப்போது யாரும் இல்லை. ஸனோபர் கோர்மோஜில் மகன் வீட்டில் இருக்கிறாள், குழாய்ப் பக்கத்து அறையில்.