யாரும் கத்தலையே!

காவல் நாயோட வாயை நல்லா கட்டிட்டு, "ஆஹா... குரைக்கவே இல்லையே, திருடனே வரல போல"ன்னு நிம்மதியா இருந்த ஒரு ஆளைப் பத்தி கேள்விப்பட்டிருக்கீங்களா? இல்லைன்னா பரவாயில்ல. அவன் எழுதினதைத்தான் இப்போ படிச்சுக்கிட்டிருக்கீங்க.

திருவொற்றியூர்ல ஒரு கோல்ட் ஸ்டோரேஜ்ல நான் கம்ப்யூட்டரைக் கட்டி மேய்க்கறவன்னு வழக்கமா படிக்கறவங்களுக்குத் தெரியும். மீனும் இறாலும் ஜம்முனு குளிர்ல படுத்திருக்கும். நான் சர்வர் ரூம்ல வேர்த்துக்கிட்டு நிப்பேன்.

அந்த சர்வருக்குள்ள ஒரு ஊரே இருக்கு. வெளிய பாத்தா ஒரே பெட்டி. உள்ள பல கம்ப்யூட்டருங்க தனித்தனியா குடியிருக்கும். வர்ச்சுவல் மெஷின்னு பேரு. ராயபுரம் சந்துல ஒண்டிக்குடித்தனம் பாத்திருப்பீங்களே... ஒரே வாசல், ஒரே குழாய், ஆளுக்கொரு ரூம். அதே கதைதான். கொஞ்ச நாள் முன்னாடி, பழைய சர்வர்ல இருந்த எல்லாக் குடித்தனத்தையும் புது சர்வருக்கு மாத்தினோம்.

எல்லாரையும்னா... எனக்குத் தெரிஞ்ச எல்லாரையும்.

பழைய வீட்ல இன்னும் லைட் எரிஞ்சுது. உள்ள யாரோ இருக்காங்க. யாரு? பேரைப் பாத்தா 'டெஸ்ட்', 'டெஸ்ட் புதுசு', 'ஃபைனல்', 'ஃபைனல் ஃபைனல்'. அதுக்குக் கீழ ஒண்ணு — 'தொடாதே'. தொடாதேன்னு சொன்னவன் எவன்? ஏன் சொன்னான்? கேக்கலாம்னா ஆளு வேலையை விட்டே போய்ட்டான்.

எங்க முதலாளி தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. சர்வர் ரூமை எட்டிப் பாத்தார்.

"என்னவே, புதுசு வந்தாச்சுன்னீரு. பழசு ஏன் இன்னும் இரைஞ்சுக்கிட்டுக் கெடக்கு? துடைச்சு வெளிய போடும்."

துடைச்சிடறேன்னேன். சுத்தம் பண்ற வெறியே வந்துடுச்சு.

எங்க தொழில்ல இதுக்கு ஒரு வழி உண்டு. யாருதுன்னு தெரியாத மெஷினா? அழிக்காத. அணைச்சு மட்டும் வை. ஒரு வாரம் சும்மா இரு. அதை நம்பி எவனாவது இருந்தா கத்திக்கிட்டு ஓடி வருவான். யாரும் கத்தலையா? யாருக்கும் வேணாம்னு அர்த்தம். அழிச்சிடு.

நேரமும் நல்ல நேரமா பாத்தேன் — மீன்பிடி தடைக்காலம். போட்டெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு. ஹார்பர்ல ஈ காக்கா இல்ல. எங்க கம்பெனியிலயும் லோடு ஏத்தறது இறக்கறது பெருசா கிடையாது. இதைவிட அமைதியான நேரம் அமையுமா?

எல்லாத்தையும் அணைச்சேன். காத்திருந்தேன். காலைல டீயோட போனைப் பாப்பேன் — ஒரு கம்ப்ளெயிண்ட் இல்ல. அப்படியொரு பெருமை எனக்கு. திங்கக்கிழமை மொத்தமா அழிச்சிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல தேசம்மா அக்காகிட்டேர்ந்து போன்.

அக்கா முகத்துவாரக்குப்பத்துக்காரங்க. எங்க மூணாம் நம்பர் ரூம் முழுக்க அவங்க சரக்குதான். தடைக்காலம் வர்றதுக்கு முன்னாடியே வஞ்சிரமும் இறாலும் வாங்கி அடுக்கிடுவாங்க. போட் போகாத நாள்ல ஓட்டலுக்கும் கல்யாண வீட்டுக்கும் அதுலேர்ந்துதான் போகும். கடல் மூடிக்கிச்சுன்னா, அக்காவுக்குக் கடலே அந்த ரூம்தான்.

"இன்னா நைனா, தூங்கிக்கினு கீறியா? சரக்கு எடுக்கலாம்னு ரூமு கதவத் தொறந்தா தண்ணி காலு மேல ஊத்துது! பனியெல்லாம் கரைஞ்சிக்கினு கீது. என் பொயப்பே உள்ள கீது, வா சீக்கிரம்!"

சட்டையை உள்பக்கம் வெளிய தெரியற மாதிரி மாட்டிக்கிட்டு ஓடினேன். கம்ப்ரஸர் ஆபரேட்டர் முருகேசன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறாரு.

"மூணாம் நம்பருக்குப் போற கூலிங் லைன் நின்னு போய்கீது சார். எப்பன்னு தெர்ல. ரூம் சூடானா எனக்கு போன் அடிக்கும். அடிக்கல. அடிக்கலைன்னா நல்லாகீதுன்னுதானே சார் அர்த்தம்?"

எனக்கு அப்பதான் உறைச்சுது. அந்த போனை அடிக்கறது யாரு? 'தொடாதே'!

எனக்கு முன்னாடி காலத்துல, கம்ப்ரஸர் மாட்டினவங்க வெச்சுட்டுப் போனது. ரூம் சூடானாலோ, கதவு ரொம்ப நேரம் தொறந்து கிடந்தாலோ போன் பண்ணும். மத்த மாசமா இருந்தா லோடு ஏத்தற அவசரத்துல கதவு தொறந்தே கெடக்கும், அது நாள் பூரா கத்திக்கிட்டே இருக்கும். அணைச்ச அன்னைக்கே முருகேசன் கேட்டிருப்பாரு. தடைக்காலத்துல எப்பவாவது கதவைத் தொறந்தாலும் சட்டுனு மூடிடுவாங்க. அது கத்தலைன்னு யாருக்குத் தெரியும்?

கத்தறதுக்குன்னே இருந்த ஒரே மெஷினை அணைச்சுட்டு, யாரும் கத்தலையேன்னு டீ குடிச்சிருக்கேன்!

அக்கா அதுக்குள்ள ஒரு பெட்டியைப் பிரிச்சு உள்ள கையை விட்டுப் பாத்தாங்க.

"மேலதான் தொளதொளன்னுகீது. அடியில கல்லாட்டம்கீது. இன்னா வேடிக்க பாக்கற? தூக்கு!"

தூக்கினோம். முருகேசன், வாட்ச்மேன், அக்கா, நான் — மூணாம் நம்பர்லேர்ந்து காலியா இருந்த ரெண்டாம் நம்பருக்கு. நாலஞ்சு பெட்டியிலயே என் இடுப்பு 'ஃபைனல்'னுச்சு. அடுத்த வரிசையில 'ஃபைனல் ஃபைனல்'. நிக்கல. அடி வரிசையெல்லாம் தப்பிச்சுது. மேல் வரிசையை அக்கா அப்பவே ஆட்டோவுல ஏத்தி மார்க்கெட்டுக்கு அனுப்பிட்டாங்க. என்னை ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க... அதுக்கு நாலு திட்டு வாங்கியிருக்கலாம்.

மத்தியானமே உக்காந்துட்டேன். 'தொடாதே'யை எழுப்பி, அது செய்யற வேலையைப் புது சர்வருக்கு மாத்தினேன். வேலை செய்யுதான்னு எப்படித் தெரியும்? காலியா கெடந்த ஒண்ணாம் நம்பர் கதவை வேணும்னே தொறந்து வெச்சுட்டு, முருகேசன் போனையே நாங்க ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நின்னோம். அடிச்சுது! என் கல்யாண நாதஸ்வரம்கூட காதுக்கு அவ்ளோ இனிமையா இல்ல.

சரி, பட்டது போதும்னு மிச்ச மெஷினையெல்லாம் அப்படியே விட்டுட்டேனா? அதுதான் இல்ல. பயந்து விட்டா, நானும் ஒரு 'தொடாதே' எழுதி வெச்சுட்டு ரிட்டையர் ஆக வேண்டியதுதான். முன்னாடி, கத்திக்கிட்டு வரட்டும்னு நாற்காலியில உக்காந்திருந்தேன். இப்போ நானே எழுந்து போனேன். கேட் ஆபீஸ், பில்லிங், கம்ப்ரஸர் ரூம்... ஒவ்வொரு இடத்துலயும் ஒரே கேள்வி: "இங்க ஏதாவது தப்பாச்சுன்னா, உங்களுக்கு மொதல்ல யாரு சொல்லுவாங்க?"

யோசிச்சுப் பாத்தா, வீட்லயும் நாம இதைத்தானே பண்றோம்? பிபி மாத்திரையை நிறுத்திட்டு "ஒண்ணும் ஆகலையே"ங்கறோம். வாய் தொறந்து கேக்காதவங்களுக்கு எதுவும் வேணாம்னு நாமளே முடிவு கட்டிடறோம். அமைதியா இருந்தா எல்லாம் சரியா இருக்குன்னு எவன் சொன்னான்?

ஒவ்வொண்ணா விசாரிச்சு, ஒவ்வொண்ணா அழிச்சேன். இந்த வாரம் பழைய சர்வரோட வயரைப் பிடுங்கியாச்சு. யாரும் திருப்பிப் படிக்க முடியாதபடி டிஸ்க்கையெல்லாம் ஓட்டை போட்டு, மிச்சத்தைக் காயலான் கடை வண்டியில ஏத்தினப்போ, தேசம்மா அக்கா சரக்கெடுக்க வந்தாங்க. நமக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! பக்கத்துல போய் விளக்கினேன்.

"யாருதுன்னு தெரியாத மெஷினை ஒரு வாரம் ஆஃப் பண்ணி வைப்போம்க்கா. எவனும் கத்தலைன்னா, வேண்டாத மெஷின்னு தூக்கிடுவோம். அதுலதான் அன்னைக்குக் கொஞ்சம் பிசகிடுச்சு."

அக்கா என்னை மேலயும் கீழயும் பாத்தாங்க.

"ஏன் நைனா... உன்ன ஒரு வாரம் அப்டி ஆஃப் பண்ணி வெச்சுப் பாத்தாரா உங்க மொதலாளி?"