பாதி வந்த பூனை

போன வாரம் அவிநாசி போய் வந்தேன். கோயிலுக்கு அல்ல... ஒரு லேப்டாப்புக்கு வைத்தியம் பார்க்க!

லேப்டாப் என் நண்பர் சாதிக் பாயுடையது. வேலம்பாளையத்தில் குழந்தைகளுக்கு டி-ஷர்ட் தைக்கும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். சிரிக்கும் பூனை, குடை பிடித்த யானை, சைக்கிள் ஓட்டும் காக்கா - டி-ஷர்ட்டில் வரும் படங்களையெல்லாம் வரைந்தவர் அவர் மனைவி மெஹருன்னிசா. எல்லாமே இந்த லேப்டாப்பில்தான்.

சென்ற வருடம் புற்றுநோய் மெஹருன்னிசாவைக் கொண்டுபோய்விட்டது. கடைசி மாதங்களில்கூட கட்டிலில் சாய்ந்தபடி வரைந்துகொண்டிருந்தாராம். அந்தப் படங்கள் எதுவும் பிரிண்டுக்குப் போகவில்லை. பெருநாளுக்காவது போடலாம் என்று சாதிக் பாய் லேப்டாப்பைத் திறந்தால்... வெறும் கறுப்புத் திரை.

ரிப்பேர் கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். “லேப்டாப்பை ஓட்டற ஆபரேட்டிங் சிஸ்டம் கெட்டுப்போச்சுங்க பாய். ஃபார்மட் பண்ணிப் புதுசா போட்டா ஜம்முனு ஓடும்” என்றாராம் கடைக்காரர். இவரும் “சரிங்க” என்றிருக்கிறார்.

ஜம்மென்றுதான் ஓடியது. உள்ளே ஒரு படம்கூட இல்லை.

ஃபார்மட் என்றால் துடைத்துவிடுவது என்று இவருக்குத் தெரியாது. உள்ளே என்ன இருந்தது என்று கடைக்காரருக்குத் தெரியாது. யாரை நொந்துகொள்வது?

எனக்குத் தெரிந்த செல்வராணி அவிநாசியில் இருக்கிறார்; கல்லூரியில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பவர். அவரிடம் போனோம். கதையைக் கேட்டுக்கொண்டே லேப்டாப்பைத் திறந்து பார்த்தார்.

“ஃபார்மட் பண்றதுக்கு முந்தி கொண்டாந்திருக்கலாமுங்க பாய்...”

“வந்திருந்தா?”

செல்வராணி ஒரு பென் டிரைவை எடுத்துக் காட்டினார். “இதுல லினக்ஸ்னு ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்குதுங்க. லேப்டாப்புல இருக்கற சிஸ்டம் படுத்துட்டாலும், இதைச் சொருகி இதுலிருந்தே ஆன் பண்ணலாம். உள்ள இருந்த படத்தையெல்லாம் காப்பி பண்ணி எடுத்திருக்கலாமுங்க.”

“ரொம்ப விலை ஆகுங்களா?”

“காசே வேண்டாமுங்க. யாரு வேணாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பார்த்து மாத்திக்கலாம். உங்க போனுக்குள்ள ஓடறதும் இது மேல கட்டினதுதான். மழை வருமான்னு கணக்குப் போடற சூப்பர் கம்ப்யூட்டர் வரைக்கும் இதுதானுங்க.”

சூப்பர் கம்ப்யூட்டரெல்லாம் சாதிக் பாய் காதில் ஏறவில்லை. “காசே வேண்டாமுங்களா...” என்று மட்டும் தனக்குள் சொல்லிக்கொண்டார்.

துடைத்த பிறகும் மிச்சம் ஏதாவது தங்கியிருக்கலாம் என்று, பென் டிரைவைச் சொருகி, அழிந்தவற்றைத் தேடும் வேலையை ஆரம்பித்தார் செல்வராணி. மத்தியானம் வரை ஓடியது. பெயரில்லாத சில ஃபைல்கள் வந்தன. கடையில் புது சிஸ்டத்தோடு வந்த ஏதோ ஒரு மலையின் படம்... இன்னொன்று திறக்கவே இல்லை. அப்புறம் ஒரு பூனை வந்தது.

முகம் மட்டும்தான். காது, மீசை, கோணலான சிரிப்பு. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை, வெறும் சாம்பல் நிறம்.

“இது அவ கடைசியா வரைஞ்சதுதானுங்க!” சாதிக் பாய் திரையைத் தொட்டுவிட்டார். “மீதி எங்கீங்க?”

“மீதி இருந்த இடத்து மேல புது சிஸ்டத்தை எழுதியாச்சுங்க. இனி வராதுங்க.”

வேறு இரண்டொரு படங்கள் கிடைத்தன. மற்றவை கிடைக்கவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் சாதிக் பாய் லேப்டாப்பை மடியிலேயே வைத்திருந்தார்.

நேற்று போன் செய்தார். “நம்ம யூனிட்டு டிசைனர் பையன் மீதிப் பூனையை நான் வரைஞ்சு தர்றேங்கறானுங்ணா. எனக்குத்தான் மனசு வரலீங்க. பாதியாவே போட்டரலாமுங்களா?”

போடுங்கள் பாய் என்றேன். வேறென்ன சொல்ல?

உலகத்தில் பெரிய பெரிய கம்ப்யூட்டர்களையெல்லாம் ஓட்டுகிற ஒரு பொருள், சும்மா கிடைக்கிறது. ஆனால் வேலம்பாளையத்துக்கு அது வந்து சேரவில்லை. வாங்கு வாங்கு என்று நம்மைத் துரத்தும் பொருள்களுக்கு ஆயிரம் விளம்பரம் இருக்கிறது...

விற்பதற்கு ஆளில்லாத பொருளைப் பற்றி, யார் வந்து கதவைத் தட்டிச் சொல்வார்கள்?