டெனிஸ்டனின் நீலக் கார்

செலீனின் தம்பி டெனிஸ்டன் போன பங்குனியில், வேலை செய்த கிடங்கிலேயே, மதியச் சாப்பாட்டு நேரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தான். அம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது. மனைவியும் பத்தொன்பது வயது மகள் ஸ்டெபனியும் அவனுக்கு இருந்தார்கள். செலீன் அவனைவிட ஒன்றரை வயது மூத்தவள்.

உடலைப் பார்வைக்கு வைத்த அன்று ஸ்காபரோ மலர்ச்சாலையில் நிற்க இடமில்லை. தாடி நரைத்து, தலை வழுக்கை விழுந்த ஆண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் டெனிஸ்டனோடு சேர்ந்து காரும் கையுமாக அலைந்த பெடியங்கள் அவர்கள்தான். அவர்களில் ஒருவன் அந்தக் காலத்துச் சிவிக் கார் ஒன்றை எங்கோ தேடி வாங்கி, பழையபடி நிலத்தோடு ஒட்டத் தாழ்த்தி வைத்திருந்தான். அதை வாசலில் நிறுத்தி, முன்கண்ணாடியில் டெனிஸ்டனின் படத்தை ஒட்டியிருந்தான்.

உள்ளே திரையில் படங்கள் ஓடின. பாதிப் படங்களில் ஒரு நீலக் கார் இருந்தது. அதன் பொனற்றில் குந்தியிருக்கும் டெனிஸ்டன், கதவில் சாய்ந்திருக்கும் டெனிஸ்டன், சில்லுக்குப் பக்கத்தில் முழங்காலில் நிற்கும் டெனிஸ்டன்.

ஸ்டெபனி பேச எழுந்தாள். அப்பாவின் நீலச் சிவிக்கைப் பற்றி, அதன் சத்தம் மூன்று தெரு தள்ளிக் கேட்குமாம் என்பதைப் பற்றி, ஹமில்டனுக்கு அப்பால் உள்ள ஓட்டத்திடலில் கூட்டாளி யூட்சன் அங்கிளின் இன்ரெக்ரா காரை அப்பா முந்தியதைப் பற்றியெல்லாம் சொன்னாள். சின்ன வயதில் படுக்கையில் அப்பா அவளுக்குச் சொன்ன கதைகள் இவைதானாம். சனம் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தது. பிறகு அவள் செலீன் இருந்த பக்கம் திரும்பினாள்.

“மாமியின்ரை வெடிங்குக்காக அப்பா தன்ரை காரையே வித்தவர். ஒருநாளும் அதைப் பற்றிக் கொம்ப்ளெயின் பண்ணேல்லை. அதுதான் என்ரை அப்பா.”

எல்லோரும் செலீனைப் பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சத்தில் குனிகிறாள் என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும்.

அந்தக் கார் செலீனுடையது.

மன்னாரிலிருந்து அவர்கள் வந்தபோது அவளுக்குப் பதின்மூன்று வயது. பார்க்டேலில் ஒரே அறையில் இரண்டு வருடம், பிறகு வோபர்னில் பதினோராம் மாடி. தகப்பன் சூசைதாசன் பகலில் உணவகமொன்றில் கோப்பை கழுவினார், மாலையில் கந்தோர்கள் கூட்டினார். பள்ளிக்கூடம் முடித்ததும் செலீன் கார்களுக்குப் பிளாஸ்ரிக் பாகங்கள் வார்க்கும் தொழிற்சாலையில் சேர்ந்தாள். அங்கே அவளோடு நின்ற ஜமேக்காக்காரரின் அண்ணன் எக்லிங்டனில் ஒரு கராஜ் வைத்திருந்தார். சும்மா பார்க்கப் போனவள், ஆறு மாதத்தில் எஞ்சினைக் கழற்றி இறக்கும் அளவுக்குப் பழகிவிட்டாள். இருபத்தொரு வயதில் ஒரு பழைய சிவிக்கை வாங்கினாள். ஜப்பானிலிருந்து வந்த எஞ்சின் ஒன்றை அதற்குள் வைத்தாள், காரின் உடம்பைத் தாழ்த்தினாள், பின்னால் தகர டப்பா அளவு வாயுள்ள புகைக்குழாய் மஃப்ளரைப் பூட்டினாள். கடைசியாக நீலம் அடித்தாள்.

வீட்டில் அது டெனிஸ்டனின் கார் என்று சொன்னார்கள். அப்படிச் சொன்னது இருவரும் சேர்ந்து யோசித்துத்தான். பெண்பிள்ளை இப்படியொரு காரில் திரிகிறாள் என்று தெரிந்தால் தகப்பன் அடுத்த நாளே அதை விற்றிருப்பார். டெனிஸ்டன் அக்காவை வேலைக்கு ஏற்றி இறக்குகிறான் என்பதே வீட்டுக்கான கதை. மார்க்கம் வீதி மூலையில் செலீன் இறங்கி மறுபக்க ஆசனத்துக்கு வருவாள். கடைசி நூறு யார் தூரத்தை டெனிஸ்டன் ஓட்டுவான். அவனுக்குக் கிளச் ஒருபோதும் பிடிபடவில்லை. வாகனத் தரிப்பிடத்துக்குள் போவதற்குள் இரண்டு தரமாவது எஞ்சினை நிறுத்திவிடுவான்.

ஞாயிறு பூசை முடிந்து வந்தால், பின்னேரம் டோனற் கடை வளவில் கார்கள் கூடும். பொனற்றுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, வாங்கிய கோப்பியை ஆறவிட்டுவிட்டு, பொழுது சாயும்வரை நிற்பார்கள். செலீன் இறங்கினால் கை துடைக்கும் துணி ஒன்று எப்போதும் அவளது பின்பொக்கற்றில் தொங்கும். படம் எடுக்கும்போது அவள் நிற்கமாட்டாள். எவன் கையிலாவது படம் போய், அது தகப்பனின் கண்ணில் பட்டால் கதை கந்தலாகிவிடும். அதனால் கமெரா எப்போதும் அவள் கையில்தான் இருக்கும்.

தொண்ணூற்றொன்பது ஆவணியில் யூட்சனை அவள் வென்றாள். கால் மைல் ஓட்டம். டெனிஸ்டன் பக்கத்து ஆசனத்தில், கதவுப் பிடியை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டு, மாதாவைக் கூப்பிட்டபடி இருந்தான். ஓட்டம் முடிந்ததும் நேரம் அச்சிட்ட துண்டு ஒன்று கொடுப்பார்கள். அதில் ஓட்டியவரின் பெயர் இராது. காரின் இலக்கம் மட்டும்தான்.

இரண்டாயிரத்தொன்றில் அவளுக்குக் கலியாணம் பொருந்தியது. மண்டபத்துக்கு முற்பணம் கட்ட வேண்டியிருந்தபோது, காரை விற்கும்படி சூசைதாசன் மகனிடம் சொன்னார். டெனிஸ்டன் அக்காவைப் பார்த்தான். செலீன் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். வாங்க வந்த சீனப் பெடியனுக்குச் சாவியைக் கொடுத்தது டெனிஸ்டன்தான். அக்காவுக்காகத் தன் காரை விற்ற தம்பி என்று கலியாண வீட்டில் பெரியவர்கள் அவன் முதுகில் தட்டினார்கள். இருபத்துமூன்று வருடமாக அந்தப் பேச்சு ஓயவில்லை. எங்கே எப்போது அவன் அதைத் தானே நம்பத் தொடங்கினான் என்று செலீனுக்குத் தெரியாது.

இப்போது அவள் நடக்க இயலாதவர்களை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுகிறாள். சக்கர நாற்காலிகளைப் பட்டியால் கட்டி, மேடு பள்ளம் பார்த்து, மெதுவாக.

அடக்கம் முடிந்து எல்லோரும் கலையும்போது யூட்சன் அவளிடம் வந்தான். இப்போது கூரை போடும் கொம்பனி ஒன்று வைத்திருக்கிறான். கையைப் பிடித்துக்கொண்டு, டெனிஸ் மாதிரிக் கியர் மாற்ற ஒருத்தராலும் முடியாது என்றான். செலீன் அவன் முகத்தையே பார்த்தாள். விளையாட்டாகவோ, செத்தவனுக்கு மரியாதையாகவோ அவன் அப்படிச் சொல்லவில்லை. உண்மையாகவே அவனுக்கு அப்படித்தான் ஞாபகம்.

“நீங்களும் வாறனீங்கள் தானே அக்கா,” என்றான். “படம் எடுக்கிறனீங்கள்.”

“அந்தக் கார் என்ரை பேரிலை இருந்தது, யூட்சன்.”

அருகில் நின்ற மற்றவர்களும் சேர்ந்து மெல்லச் சிரித்தார்கள். “எங்கடை காருகள் எல்லாம் அக்கா தங்கச்சியின்ரை பேரிலைதான் இருந்தது. பெடியங்களின்ரை பேரிலை போட்டால் அவ்வளவு இன்சூரன்ஸ் ஆர் கட்டுறது?” என்றான் யூட்சன்.

அது உண்மை. அந்த வளவில் நின்ற இருபது கார்களில் பதினைந்து கார் பெட்டைகளின் பெயரில் இருந்தவை. செலீனிடம் வேறு அத்தாட்சி எதுவும் இல்லை.

தாய் இறந்த பிறகு சூசைதாசன் மோர்னிங்சைட்டில் செலீனின் வீட்டில்தான் இருக்கிறார். எண்பத்துமூன்று வயது. அடக்கம் முடிந்து நாலாம் நாள் பின்னேரம், அவள் தேத்தண்ணீர் கொண்டுபோய் வைத்தபோது, அவர் யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“பிள்ளை, நான் அவனை ஒருக்காப் பெல்ற்றாலை அடிச்சனான். ஞாபகமிருக்கே?”

“ஓம் அப்பா.”

“அந்தக் காராலை வந்தது. வளந்த பெடியன். என்ரை கையைப் பிடிச்சிருந்தா நான் என்ன செய்திருப்பன்? நிண்டு வாங்கினான். ஒரு சொல்லுச் சொல்லேல்லை.”

செலீனுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கட்டடத்தின் கீழ்த் தரிப்பிடத்தில் காரைத் திருப்பும்போது அவள்தான் தூணில் மோதினாள். அன்றைக்கு அவசரத்தில் ஆசனம் மாறவில்லை. உங்கள் மகனின் காரால் தூண் உடைந்துவிட்டது என்று கட்டடப் பொறுப்பாளர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். தகப்பன் பெல்ற்றைக் கழற்றினார். செலீன் குசினி வாசலில் நின்றாள். நான்தான் அப்பா என்ற இரண்டு சொற்கள் வாய்வரை வந்து நின்றன. அடி ஓய்ந்த பிறகு அவள் அவனுடைய முதுகுக்கு ஓயின்மென்ற் பூசியபோது, சொல்லாமல் விட்டது நல்லது, சொல்லியிருந்தால் கார் போயிருக்கும் என்றான் டெனிஸ்டன்.

“நான் அவனிட்டை மன்னிப்பெண்டு ஒண்டும் கேக்கேல்லை,” என்றார் சூசைதாசன். “கேப்பம் கேப்பம் எண்டு விட்டிட்டன். அவனுக்கு என்னிலை கோவம் இருந்திருக்குமே?”

“இல்லை அப்பா.”

“உனக்குத் தெரியுமே?”

“தெரியும்,” என்றாள். அவளுக்குத் தெரியாது. அடி விழுந்த அன்றைக்குப் பிறகு அவளும் டெனிஸ்டனும் அந்த நாளைப் பற்றி ஒருபோதும் பேசியதில்லை.

அடுத்த கிழமை ஸ்டெபனி தொலைபேசியில் கூப்பிட்டாள். முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர்ப் புத்தகம் அடிக்கிறார்களாம். தன்னுடைய தமிழ் போதாது, அந்தக் கார்க் கதையை மாமிதான் எழுதித் தரவேண்டும் என்றாள்.

செலீன் மூன்று பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து எழுதினாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். ஜமேக்காக்காரரின் கராஜ், மார்க்கம் வீதி மூலை, கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு மாதாவைக் கூப்பிட்ட தம்பி, பெல்ற். இரண்டரைப் பக்கம் வந்தது. எழுதி முடித்ததும் நெஞ்சு லேசானது போல இருந்தது. கணவன் ஜூலியனிடம் வாசிக்கக் கொடுத்தாள்.

அவன் நின்றபடியே வாசித்தான். பிறகு கதிரையை இழுத்து இருந்து, முதலிலிருந்து திரும்பவும் வாசித்தான்.

“உண்மையே இது? நீர் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லையே.”

கலியாணம் முடித்த முதல் வருடத்திலேயே அவள் அவனுக்குச் சொல்லியிருந்தாள். அப்போது அவன் சிரித்து, தம்பியின் காரை இரவல் வாங்கி ஓடியிருப்பீர் என்றான். அதை இப்போது நினைவுபடுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

“மாமாவும் இதை வாசிப்பார் தானே,” என்றான் ஜூலியன்.

பக்கத்து அறையில் சூசைதாசனின் இருமல் கேட்டது. செலீன் கடதாசிகளை அவன் கையிலிருந்து வாங்கி, நான்காகக் கிழித்து, நீலக் குப்பைப் பெட்டிக்குள் போட்டாள். பிறகு புதிதாக ஒரு பக்கம் எழுதினாள். அது டெனிஸ்டனின் கார். அவன்தான் எஞ்சினை இறக்கினான், அவன்தான் நீலம் அடித்தான். பச்சை விளக்கு விழுந்ததும் கிளச்சை எவ்வளவு விட்டான், இரண்டாவது கியர் இடறும் என்று தெரிந்து எப்படி ஒரு கணம் பொறுத்துத் தட்டினான், யூட்சனின் கார் இடப்பக்கக் கண்ணாடியில் எப்படிச் சின்னதாகிப் போனது என்பதையெல்லாம் எழுதினாள். அதில் அவள் பக்கத்து ஆசனத்தில் இருந்தாள், பயத்தில் மாதாவைக் கூப்பிட்டாள். அப்பா அடித்ததைப் பற்றி ஒரு வரி சேர்த்தாள்: தம்பி அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அப்பாவில் அவனுக்கு என்றும் உயிர்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் சாப்பாடு நடந்தபோது மலரைக் கொடுத்தார்கள். ஸ்டெபனி அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். யூட்சன் தட்டோடு வந்து நின்று, “கார் ஓடினவன் எழுதின மாதிரியே இருக்கு அக்கா,” என்றான். செலீன் அவனுக்கு இன்னும் கொஞ்சம் இறைச்சி வைத்தாள்.

சூசைதாசனுக்கு இப்போது கண் நன்றாக மங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மலரை எடுத்துவந்து மகளின் மடியில் வைப்பார். அவள் வாசிப்பாள். அடித்த வரி வரும்போது அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வாசித்து முடிந்ததும், கியர் மாத்தின இடத்தைத் திரும்ப ஒருக்கா வாசி பிள்ளை, எப்பிடி ஓடியிருக்கிறான் பார், என்பார். அவள் பக்கத்தை மேலே தள்ளி, அந்த இடத்தைக் கண்டுபிடித்து, மீண்டும் வாசிப்பாள்.